கட்டில் பக்கம்

நான் ஆறு மணிக்கு வருவேன்,
ஐஸ் ஆலையின் குளிர் விரல் நுனியில் மிச்சமிருக்க.
நிரஞ்சலா ஐந்தரை பஸ்ஸில் போயிருப்பாள்,
கார்மெண்டுக்கு.
எங்கள் குடும்பப் பேச்செல்லாம் கலண்டரில்:
'காஸ் முடியப் போகுது.'
'தண்ணி பில் கட்டியாச்சு.'
'மீன் சட்டிக்குள்ள கிடக்கு, சூடாக்குங்க.'

இரவில் அவள் குளியலறை பல்பை
எரியவிட்டுத்தான் தூங்குகிறாள்.
கரண்ட் பில் சொன்னது. அவள் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
பழுதான மேசை ஃபேனின் கம்பிக்கூட்டைக் கழற்றி
துருவைச் சுரண்டி
வெயிலில் வைத்தேன்.

மறுகா கல்குடாக் கரைக்கு சைக்கிளில் போய்
அடம்பன் இலை,
தோணாவில் பழுத்த கண்டல் இலை,
வங்கி மதிலுக்கு வெளியே தொங்கிய கடதாசிப்பூ
(செக்கியூரிட்டி பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை).
செவ்வரத்தையும் வைத்துப் பார்த்தேன்.
ஒரே இரவில் கறுத்து, தாளோடு ஒட்டி
தேத்தண்ணிக் கறையாய்ப் போனது.
கடதாசிப்பூ மட்டும் மாறவே இல்லை.
மொட்டிலேயே பாதி காய்ந்து பிறக்கிற பூ அது.

கடதாசி ஆலையில் மச்சான் வேலை செய்த காலத்து
மண்ணிற வைக்கோல் தாள் ஒரு கட்டு இருந்தது.
எழுத உதவாது. ஈரம் குடிக்கும்.
அதன் நடுவே இலைகளை அடுக்கி
மேலே அரிசிப் பை, பத்துக் கிலோ.

முதல் கிழமை நல்ல பாரம்.
பிறகு நாளுக்கு இரண்டு சுண்டாக
பாரத்தை நாங்களே ஆக்கித் தின்றோம்.
மாசக் கடைசியில் பார்த்தால்
இலைகளின் ஓரம் எழும்பி நிற்கிறது,
யார் வருவது என்று பார்ப்பது போல.

அப்போதுதான் மெத்தைக்குக் கீழே வைத்தேன்.
பகலெல்லாம் என் எழுபத்தெட்டுக் கிலோ,
இரவெல்லாம் அவளுடைய நாற்பத்தொன்பது.
பதினாறு நாள்.
எங்கள் இருவருக்கும் ஒன்றாய்க் கிடைக்காத கட்டில்
அந்த இலைகளுக்குக் கிடைத்தது.

பட்டத் தாள். கோதுமை மாப் பசை,
கரப்பான் தின்னாமல் ஒரு சிட்டிகை துருசு.
சவரத் தூரிகையால் பூசினேன்.
முதல் தரம் கட்டி தட்டியது.
இரண்டாம் தரம் தாள் கிழிந்தது.
மூன்றாம் தரம் நித்திரை தூங்கிவிட்டேன்,
எழும்பும்போது அடம்பன் இலையொன்று
ஆட்டுக் குளம்பு மிதித்த அடையாளம்போல
என் முழங்கையில்.

முடிந்த அன்று பகலில் அது
தலையில் கட்டுப் போட்ட ஆள்மாதிரி
மேசையில் இருந்தது.
எரிய நான் பார்க்கவில்லை. ஒன்பது மணிக்கு வேலை.
ஐஸ் கட்டிகளைத் தள்ளும்போது நினைத்தேன்,
இப்போது போட்டிருப்பாள்.

காலையில் கலண்டரில்:
'நல்லம். உள்ளுக்கு ஒரு எறும்பு நிக்குது.'

தேடினேன். ஜன்னலுக்குச் சாரத்தைக் கட்டித் தேடினேன்.
சாரத்தின் கட்டம் கட்டமாய்
வெயில் உள்ளே வந்தது. எறும்பு வரவில்லை.
'எந்தப் பக்கம்?' என்று எழுதினேன்.
அடுத்த நாள்: 'கட்டில் பக்கம்.'

போயாவுக்கு எங்கள் இரண்டு பேருக்கும் லீவு.
ஏழேகாலுக்கு நான் சுவிட்சில் கைவைக்க
ஊருக்கே கரண்ட் போனது.
நிரஞ்சலா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.
ஃபோன் டோர்ச்சைப் போட்டு
கூட்டுக்குள் கையை விட்டாள்.

சுவரில் கதவளவு அடம்பன் இலை.
காம்படியில் எறும்பு,
பூனைக்குட்டி அளவு.
ஆறு காலும் இருந்தன.
என் பாரத்துக்கும் முறியவில்லை,
அவள் பாரத்துக்கும்.

அவளுக்குக் கை உளைந்து நடுங்கியது.
இலையைத் தூக்கிக்கொண்டு
எறும்பு நடந்தது,
அலுமாரிவரை, திரும்பி, கலண்டர்வரை.

"கை மாத்துங்க" என்றாள்.
வாங்கிப் பிடித்தேன்.
ஐஸ் தூக்கிப் பழகிய கை, அசையாது.
எறும்பும் நின்றுவிட்டது.

"கொஞ்சம் ஆட்டுங்க" என்றாள்.